பேய் ஜெயிக்கிற கதை

“பெரியம்மா ரூம் சாவியக் குடுங்கப்பா.”

குளிர்பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையைப் பாதியில் விட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பிண வண்டிக்காரனோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. வலது கை மட்டும் தானாகப் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. சாவி எங்கே இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

அதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மகள் பேருந்தில் வந்துகொண்டிருக்கும்போதே கைபேசியில் கூப்பிட்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சொன்னாள். “வந்தியா, பார்த்தியா, ஒரு மூலையில உக்காந்தியான்னு இரு. பெரியம்மா ரூம் சாவியப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்.” வாசலில் செருப்பைக் கழற்றும்போது கையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னாள். பிறகு, “உன் பை எங்கடி?” என்றாள்.

“வெச்சிருக்கேன்.”

“எங்க?”

“வெச்சிருக்கேம்மா.”

அப்பா கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார். “எதுக்குச் சாவி?”

“பெரியம்மாவோட புத்தகமெல்லாம் எடுக்கணும்.”

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சன்னலோரம் நின்றிருந்த சித்தப்பா, அப்பாவின் தம்பி, தேநீர்க் குவளையைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“எடுத்து? எடுத்து என்ன பண்ணப் போறே, டிகிரி?”

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். வாங்கிய அன்றைக்கே அவள் பெயர் டிகிரி ஆகிவிட்டது. முதலில் பெருமையாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் எதிர்த்துப் பேசத் தொடங்கியதும் அதே சொல் திசை மாறியது. டிகிரிக்குக் கோபம் வந்துடுச்சு. டிகிரி தட்டு கழுவாதா. ஒரு படிப்பை வசவாக்குவது எப்படி என்று இந்த வீட்டில்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

“அதெல்லாம் அவங்க ஒருத்தரோட புத்தகம் இல்ல சித்தப்பா. கூட வேலை செஞ்சவங்களுக்கும் சொந்தம். திருப்பிக் குடுக்கணும்.”

“ஒண்ணும் குடுக்க வேண்டாம். பின்பக்கம் டிரம் வெச்சாச்சு. வண்டி வந்ததும் அத்தனையையும் போட்டுக் கொளுத்திட்டுத்தான் கிளம்புறோம். இல்லேன்னா அது தேடிக்கிட்டு வந்துடும்.”

அது. அம்மாவின் அக்கா. முந்தாநாள் காலைவரை இவருடைய சட்டையையும் சேர்த்துத் துவைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனவள். கண்ணை மூடியதும் ‘அது’ ஆகிவிட்டாள்.

“எதைத் தேடிக்கிட்டு? கதைப் புத்தகத்தையா?”

“கதைப் புத்தகத்துக்கு யாரு நூல் கட்டுவா? யாரு முடிச்சுப் போடுவா? பக்கத்தையெல்லாம் சேத்து வெச்சு யாரு தைப்பா? நீயே சொல்லு, படிச்சவதானே.”

“தையல்காரங்க தைப்பாங்க.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அப்பா எழுந்தார்.

“அப்பா, கேளுங்க. அது சாதா தையல் நூல். பட்டறையில கண்டு கண்டா கிடக்கும். கதை எப்படி முடியுதுன்னு அடுத்தவங்களுக்குத் தெரியறதுக்காக அவங்க கட்டிக்கிட்ட அடையாளம். சூனியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.”

“சாவு வீட்ல நின்னு வாயாடாதே. போய் உங்கம்மா பக்கத்துல உக்காரு.”

அவர் குரல் உயரவில்லை. கீழே இறங்கி, ஓரத்தில் கொஞ்சம் நடுங்கியது. கடை நொடித்ததும், முதுகுவலி வந்ததும், ஆண் பிள்ளை தங்காமல் போனதும் எல்லாம் அந்த நூலால்தான் என்று எத்தனையோ வருடமாக நம்பிவருகிற மனிதர். அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பயப்படுகிறார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பொய் என்றால் கிழித்துக் காட்டலாம். பயத்தை என்ன செய்வது?

அவள் அம்மா பக்கத்தில் போய் உட்காரவில்லை. வெளியே போனாள்.

எதிர்ச்சாரியில், பூட்டிக்கிடந்த கடையின் தகரக் கூரைக்குக் கீழே பட்டறைப் பெண்கள் நின்றிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அரைநாள் அனுமதி வாங்கி நேராக வேலையிலிருந்தே வந்தவர்களைச் சித்தப்பா வாசலிலேயே மறித்து, “நீங்கல்லாம் அங்கேயே நின்னு பாத்துக்கங்க” என்று அனுப்பிவிட்டார். முன்னால் நின்றவள் காஜா அக்கா. சட்டைக்குக் காஜா எடுப்பது அவள் வேலை. பொத்தான் துளை மாதிரியே சின்னக் கண்கள். அவள் காலடியில் ஒரு பயணப் பை இருந்தது. டிகிரி காலையில் பேருந்திலிருந்து இறங்கியதும் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் இங்கேதான் வைத்திருந்தாள். ஏன் என்று காஜா அக்கா கேட்கவில்லை.

“குடுத்தாரா?”

“இல்ல.”

“கேட்டியா?”

“கேட்டேன். எல்லார் முன்னாடியும்.”

“கேட்டியா!” காஜா அக்கா திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். “கேட்டுட்டாளாம்.”

“இவ ஒருத்தி” என்றாள் ஓவர்லாக். ஓவர்லாக் மெஷினில் உட்கார்கிறவள். அவளுடைய நிஜப் பெயர் சம்பளத் தேதியன்று மட்டும்தான் நினைவுக்கு வரும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. “எழவுக்கு வந்துட்டுக் காலையிலேர்ந்து புத்தகம் புத்தகம்னு உசுரை வாங்குறா.”

“ஆமாடி. சாவுக்கும் வந்தேன், புத்தகத்துக்கும் வந்தேன். ரெண்டையும் மறைக்க மாட்டேன். அடுத்த முறை என்னோடது. அவளே கையில குடுத்திருந்தா நான் ஏன் இந்த வெயில்ல நிக்கிறேன்?” என்று சொன்ன காஜா அக்கா, சொல்லி முடித்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

பெரியம்மா அந்தப் பட்டறையில் காலர் தைத்தாள். மருத்துவமனைக்கும் ஓட்டலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சீருடை போகும் இடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவர்கள் கதை படிப்பார்கள். எல்லாக் கதையும் அல்ல. காதல் வேண்டாம், குடும்பம் வேண்டாம், அதெல்லாம் வீட்டிலேயே பார்த்தாகிவிட்டது என்பாள் காஜா அக்கா. பேய்க்கதை மட்டும். அதிலும் பெண் பேய். அதிலும், கடைசியில் பேய் ஜெயிக்க வேண்டும்.

அப்படி ஒரு நாவல் கிடைப்பது லேசில்லை. கதை முழுக்க அந்தப் பேய் வீட்டையே ஆட்டிவைக்கும். கொன்றவன் தூங்க முடியாமல் கிடப்பான். படிக்கிறவளுக்கு வயிறு குளிரும். கடைசி அத்தியாயத்தில் எங்கிருந்தோ ஒரு தாடிக்காரன் வந்து அவளைப் புட்டியில் அடைத்து, மரத்தடியில் புதைத்துவிட்டுப் போவான். கொன்றவன் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடும். இல்லையென்றால் பேயே கிடையாது, சொத்துக்காக மாமன்காரன் போட்ட வேஷம் என்று ஆகிவிடும். ஏமாந்து ஏமாந்து வெறுத்துப்போனவர்கள் தாங்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். பேயை அடைத்துவிட்டால் கறுப்பு நூல். கடைசி அத்தியாயத்தின் தாள்களை மட்டும் சேர்த்துப் பிடித்து, தடித்த ஊசி போட்டு மெஷினில் கொடுத்து, ஓரமெல்லாம் தைத்து மூடிவிடுவார்கள். அடுத்தவள் அதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். முடிவைச் சாப்பாட்டு நேரத்தில் முறை வைத்து அவர்களே புதிதாகக் கட்டிச் சொல்வார்கள். மாமன் வேஷம் என்றால் வெள்ளை நூல். அந்தப் புத்தகம் மெஷின் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போய்விடும். பேய் ஜெயித்தால் சிவப்பு. படித்து முடித்தவள் தொங்கும் நூலில் ஒரு முடிச்சுப் போட்டு அடுத்தவள் கையில் தர வேண்டும்.

சிவப்பு நூல்கண்டு வெகுகாலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

அதைப் பிரிக்கவைத்தவள் பெரியம்மாவின் தங்கை மகள்தான். படிக்கப் போன நகரத்தில், ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடைகளில் கால் கடுக்க உட்கார்ந்து பழைய நாவல்களைப் புரட்டுவாள். விடுதியில் கூட இருந்தவர்கள் தடித்த, கனமான, பேர் சொன்னால் மரியாதை கிடைக்கும் புத்தகங்களைத் தேடுவார்கள். இவள் மண்டையோடு போட்ட அட்டையைத் தேடுவாள். எடுத்ததும் கடைசிப் பக்கம். படித்ததும் தொப்பென்று போடுவாள்.

“கடைசிப் பக்கத்தப் படிச்சுட்டுப் புத்தகத்தத் திட்டுற ஒரே ஆளு நீதாம்மா” என்பார் கடைக்காரர். “அப்படி என்னதான் தேடுற?”

“பேய் ஜெயிக்கணும்.”

“ஜெயிச்சு?”

“ஜெயிச்சு இருக்கணும். அவ்வளவுதான்.”

அவருக்கும் அது தொற்றிக்கொண்டது. அதன்பிறகு புது மூட்டை வந்தால் பேய் அட்டைகளைத் தனியே எடுத்து, கடைசிப் பக்கத்தை அவரே படித்துவிட்டு, தூரத்தில் இவளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். ஒரு நாள் பிதுக்கவில்லை. அட்டை கிழிந்துபோன, பெயரே தெரியாத ஒரு நாவலை மேலே தூக்கிக் காட்டினார். அவள் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் படித்தாள். ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடிக்கப்பட்ட பெண். விரட்ட வந்த மந்திரவாதி அவளோடு உட்கார்ந்து பேசுகிறான். பொழுது விடிந்ததும் தன் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு, வீட்டுக்காரர்களிடம், ‘வீடு அவளுடையது, நீங்கள் கிளம்புங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவர்கள் பாத்திரம் பண்டத்தோடு தெருவில் நிற்கிறார்கள். உள்ளேயிருந்து கதவு சாத்தப்படுகிறது. முற்றும்.

அதைப் பெரியம்மாவிடம் கொண்டுவந்து தந்தாள். பெரியம்மா படித்து முடித்தாள். சிவப்பு நூல்கண்டைத் தேடி எடுத்து, தூசியை ஊதினாள்.

அது பட்டறை முழுக்கச் சுற்றி வந்தது. கழிவறையில் வைத்துப் படித்ததற்காக ஒருத்தி மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினாள். இரண்டாம் சுற்றில் பெரியம்மாவின் முறை மறுபடி வந்தது. அடுத்தது காஜா அக்கா.

“எப்படிக்கா ஆச்சு?” என்று அவள் கேட்டாள். காலையிலிருந்து யாரையும் கேட்காத கேள்வி.

காஜா அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சாப்பிட்டு முடிச்சோம். ஒரு கறுப்பு நூலுக்கு முடிவு சொல்றது அவ முறை. மாமியாக்காரி ரூம்ல போட்டுப் பூட்டியே கொன்ன பொண்ணு கதை. டப்பாவ மூடிக்கிட்டே, ‘அவ கதவைத் திறந்தா’ன்னு ஆரம்பிச்சா. நிறுத்திட்டா. யோசிக்கிறாளாக்கும்னு நாங்க பாட்டுக்கு அவ வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.” குரல் உடைந்தது. “இவதான், ‘ம், அப்புறம்?’னு கேட்டா.”

“கேக்காம இருந்திருக்கலாம்” என்றாள் ஓவர்லாக்.

“ஏண்டி? அவளுக்குப் பிடிச்ச கேள்வி.”

தெருமுனையில் வண்டி திரும்பிற்று.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆண்கள் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். அம்மாவின் கத்தல் ஒரு முறை கூரையில் மோதித் திரும்பியது. பெரியம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிய பழைய தழும்பு, போர்வைக்கு வெளியே தெரிந்தது. தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார்கள். ஓட்டுநர் இயந்திரத்தை அணைக்கவில்லை. “நேரமாகுது சார்” என்றான்.

பின்பக்கம் பெயின்ட் டிரம்மில் மண்ணெண்ணெய் வாடை தயாராக இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். அதை யாருமே யோசித்திருக்கவில்லை. புத்தகங்களை எரிக்க வேண்டுமென்றால் யாராவது அதை எடுத்துவர வேண்டும்.

“நீ எடுத்துட்டு வா” என்றார் அப்பா, தம்பியிடம்.

“நானா? எனக்கு சின்னப் பிள்ளைங்க இருக்கு.”

ஒன்றுவிட்ட மாமா ஒருவருக்குத் திடீரென்று தொலைபேசி வந்தது. அடுத்த வீட்டுக்காரர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, அறைப் பக்கம் பார்த்ததும் மடிப்பை இறக்கிவிட்டார். கடைசியில் அப்பாவே கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு போனார். பூட்டைத் திறந்தார். சாவி சட்டைப்பைக்குள் திரும்பப் போயிற்று. கதவைக் காலால் தள்ளினார். தள்ளியவர் அப்படியே ஒரு அடி பின்வாங்கி, சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்.

பேயறைந்தவர் மாதிரிதான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால்.

“டிகிரி” என்றார் சித்தப்பா, எட்ட நின்றுகொண்டே. “நீதான் இதெல்லாம் ஒண்ணுமில்லைங்கிறியே. நீ எடுத்துட்டு வாயேன். நேரா பின்பக்கம்.”

அப்பா அவளைப் பார்த்தார். வேறு வழியில்லாத பார்வை.

“சரி” என்றாள். எடுத்து வருவதற்குத்தான் சரி. பின்பக்கத்துக்கு அல்ல.

அறை, முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்த இடம். கட்டில் போட்டால் நடக்க இடமில்லை, நடக்க இடம் விட்டால் கட்டில் இல்லை என்று பெரியம்மா சொல்வாள். கொடியில் சனிக்கிழமை துவைத்த இரண்டு ரவிக்கை. கட்டிலுக்குக் கீழே செருப்புப் பெட்டிகளில் வரிசை வரிசையாகப் புத்தகங்கள், நூல்வால்கள் வெளியே தொங்க. அவள் குனியப் போனவள், அப்பா எதைப் பார்த்து நின்றார் என்று திரும்பினாள்.

வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு புத்தகம் மாட்டியிருந்தது. இருப்பதிலேயே கோரமான அட்டை. வாயிலிருந்து மண் கொட்டும் ஒரு பெண் முகம். கறுப்பு நூல் அதைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தது. எந்தக் கதைக்கும் இவ்வளவு நூல் தேவையில்லை. கதவைத் திறக்கிறவனின் கண் மட்டத்தில், அவன் பார்க்கிறபடி, நிமிர்ந்து தொங்கியது.

படிக்கிறவள் புத்தகத்தை ஆணியில் மாட்டமாட்டாள்.

அவள் கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். தாழ்ப்பாள் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பெரியம்மா சாப்பாடு பரிமாறியபடி, “இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுங்களேன்” என்று கேட்டதும், அப்பா தட்டிலிருந்து தலை நிமிராமல், “வீட்டுக்குள்ள எவன் திருட வரப்போறான்?” என்றதும் நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் சித்தப்பா இந்த வாசலில் வந்து நிற்பார். “பல்பு ஏதும் மாத்தணுமா?” என்பார். பல்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் அவர் இங்கிருந்து தலைதெறிக்க ஓடிவந்து, இவ என்னமோ பண்றா, நூலு, முடிச்சு என்று கத்தியதும், வீடே கூடியதும். அன்றிலிருந்து இந்த வாசலில் யாரும் நின்றதில்லை.

“சும்மா நூல்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே பெரியம்மா?” என்று கல்லூரி விடுமுறையில் அவள் ஒரு தடவை சண்டை போட்டிருக்கிறாள். பெரியம்மா காலர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“சொன்னா நம்பிடுவாங்கடி.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தாள்.

கட்டில் விரிப்பை உருவித் தரையில் விரித்தாள். பெட்டிகளைக் கவிழ்த்தாள். நான்கு முனையையும் இழுத்துக் கட்டினாள். தலையணைக்குக் கீழே கையைவிட்டாள். எதிர்பார்த்த இடத்திலேயே இருந்தது, அட்டையில்லாத நாவல். சிவப்பு நூலில் முடிச்சுகள் வரிசையாக. நூல் முனை இன்னும் நீளமாக மிச்சமிருந்தது. அதைத் தனியே கையில் வைத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கியதைத் தொடவில்லை.

நடையில் வலப்பக்கம் போனால் பின்கட்டு. அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

“ஏய், அந்தப் பக்கம் இல்ல” என்றார் அப்பா.

“தெரியும்பா.”

சித்தப்பா கூடத்தின் நடுவே வந்து கையை அகல விரித்து நின்றார். “எங்க தூக்கிட்டுப் போறே? திமிரா? நாலு எழுத்து படிச்சுட்டா—”

“சித்தப்பா, இந்த நூலையெல்லாம் முதல்ல பாத்தது நீங்கதானே?”

“பின்னே? நான் பாத்ததாலதான் இந்தக் குடும்பம் தப்பிச்சது.”

“எங்க பாத்தீங்க?”

“எங்கன்னா? அவ ரூம்லதான்.”

“அந்த ரூமுக்குள்ள நீங்க எதுக்குப் போனீங்க?”

வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

“பல்பு…” என்றார் சித்தப்பா.

“எந்த பல்பு?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தாள். தம்பியின் பக்கம் திரும்புவார் என்று. அவர் தரையைப் பார்த்தார். புதிதாக ஒன்றைக் கேள்விப்படுகிற முகம் அல்ல அது.



“அப்பா—”

“அந்த மூட்டையோட வாசல் தாண்டினே, அப்படியே போயிடு” என்றார் அப்பா, தரையிடமே. “அப்புறம் இந்தப் பக்கம் வராதே. எங்களுக்குப் பிள்ளையே இல்லேன்னு நெனச்சுக்கிறோம்.”

நூல்தாம்பா, வெறும் நூல் என்று கடைசியாக ஒரு தடவை சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சொன்னால் நம்பிவிடுவார்கள்.

கையிலிருந்த புத்தகத்தைச் சித்தப்பாவின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். சிவப்பு முடிச்சுகள் ஆடின.

“வழி விடுங்க. இல்லேன்னா பிடிங்க.”

விரித்த கைகள் சுருங்கின. அவர் ஒதுங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் நாற்காலியோடு ஒதுங்கினார்கள். வாசல்வரை தரை காலியானது.

“தேடிக்கிட்டு வருவாங்கன்னுதானே பயப்படுறீங்க? வரட்டும். யாரைத் தேடணும்னு பெரியம்மாவுக்கு நல்லாத் தெரியும்.”

“நில்லுடி.”

அம்மா. காலையிலிருந்து தரையில் ஒருக்களித்துக் கிடந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். முடி அவிழ்ந்து தொங்கியது. இதோ காலில் விழப்போகிறாள், அப்பா சொல்றதைக் கேளுடி என்று கெஞ்சப்போகிறாள் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அந்த ஆணியில மாட்டியிருக்குமே ஒண்ணு” என்றாள் அம்மா. “அதை எடுத்துட்டியா?”

“இல்லம்மா.”

“எடுக்காதே. அது அங்கேயே இருக்கட்டும்.”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவிடம் திரும்பினாள். அக்காளுடையதைப் போல ஊசித் தழும்பு எதுவும் இல்லாத, பாத்திரச் சாம்பல் ஏறிய கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“அந்த ரூமை உங்க தம்பிக்குக் குடுக்கிறேன்னீங்களே. அதெல்லாம் வேண்டாம். இனிமே நான் அங்கதான் படுப்பேன்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“சாவியக் குடுங்க.”

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. எடுக்கப் போயிற்றா, பொத்தப் போயிற்றா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. அம்மாவின் கை இறங்கவில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

வெளியே வெயில் கண்ணில் அடித்தது. வண்டியின் பின்கதவு திறந்தே இருந்தது. எதிர்ச்சாரிப் பெண்கள் கூரையைவிட்டு இறங்கி, யாரையும் கேட்காமல், வண்டிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்கள்.

வெளிக்கதவைத் தாண்டும்போது ஏதோ பிடித்து இழுத்தது. மூட்டையிலிருந்து தொங்கிய ஒரு கறுப்பு நூல் கதவின் கொக்கியில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் நிறைந்திருந்தது. அவள் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். மிச்சம் கொக்கியிலேயே ஆடிக்கொண்டிருந்தது.

காஜா அக்கா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, காலடியில் கொண்டுவந்து வைத்திருந்த அவள் பயணப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.